பிரையன் மே: அந்தக் கணப்பு மரத்தைக் கொஞ்சம் மறப்போம்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குவீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பற்றிப் பேச்செடுத்தாலே, நூறு வருடப் பழைய கணப்பின் (குளிருக்குத் தீ மூட்டும் இடத்தின்) மரத்தில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்த கிட்டார் என்ற கதை முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதை உண்மைதான். 1963 ஆகஸ்டில், பதினாறு வயதில் தொடங்கிய வேலை அது. முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். விரல் வைத்து அழுத்தும் ஃப்ரெட் போர்டில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

ஆனால் இந்தக் கதையை நம்பி, பழைய மகாகனிக் கட்டை கிடைத்தால் அந்தச் சத்தமும் கிடைத்துவிடும் என்று அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கணப்பு மரம் கிட்டாரின் கழுத்தில்தான் இருக்கிறது. உடலின் நடுக்கட்டை பழைய மேசையிலிருந்து வந்த ஓக். சுற்றிலும் பிளாக்போர்டு என்ற ஒட்டுப்பலகை, உள்ளே வெற்றறைகள், மேலே ஒட்டிய மகாகனித் தகடு. பார்வைக்குத்தான் முழு மகாகனி. சத்தத்தின் ரகசியம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: உராய்வைக் கொன்றது, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்புகளை இணைத்த விதம், ஒன்றோடொன்று கலக்கக்கூடாத சிக்னல்களைத் தனித்தனியாக வைத்தது. மூன்றுமே ஒரு இயற்பியல் மாணவனின் யோசனைகள்.

முதலில் உராய்வு. ட்ரெமோலோ என்பது கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை ஆட்டும் நெம்புகோல். அந்தக் காலத்து ட்ரெமோலோக்களின் தீராத வியாதி, அதன் கைப்பிடியை அழுத்தி விட்டதும் கம்பி பழைய சுருதிக்குத் திரும்பாதது. காரணம் எளிது. கம்பி கழுத்தின் மேல்நுனியில் உள்ள நட்டில் ஒரு இடத்திலும், உடலில் உள்ள பிரிட்ஜில் ஒரு இடத்திலும் உரசுகிறது. தளர்த்தும்போது நழுவிய தூரம் இறுக்கும்போது அதே அளவு திரும்பி வருவதில்லை, வழியில் எங்கோ சிக்கிக்கொள்கிறது. சுருதி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும்.

மே செய்த ட்ரெமோலோ, கடினப்படுத்திய எஃகின் கத்தி விளிம்பு ஒன்றில் ஏறி நின்று தராசு போல ஆடுகிறது. கம்பிகளின் இழுவிசைக்கு எதிராக நிற்பவை இரண்டு சுருள்வில்கள். 1928ஆம் ஆண்டு பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் அவை. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு உருளை, ஆகவே அங்கே கம்பி தேய்வதில்லை, உருள்கிறது. மறுமுனையில் நட்டுக்கு முன்னால் ஒரு ஜீரோ ஃப்ரெட் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி). கம்பியின் உயரத்தை அது பார்த்துக்கொள்ளும், நட்டின் வேலை கம்பியை விலகாமல் பிடிப்பது மட்டும். தலைப்பகுதியில் கம்பிகள் வளையாமல் நேராகப் போய் முடுக்கிகளில் சேர்கின்றன. ட்ரெமோலோவின் கை சைக்கிள் பை தாங்கியின் கம்பி, அதன் நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை. எல்லாரும் சொல்லிச் சிரிப்பது இந்த ஊசியைத்தான். வேலையைச் செய்வது உருளைகளும் கத்தி விளிம்பும்.

கம்பியின் நீளம் 24 அங்குலம். ஃபெண்டர் ஸ்ட்ராட் என்ற பிரபல கிட்டாரில் அது 25.5. இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியை அதே சுருதியில் வைத்தால் இங்கே சுமார் 11 சதவீதம் குறைவான இறுக்கம். அங்குலத்தின் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு வரை தடிமனுள்ள மெல்லிய கம்பிச் செட்டும் போட்டால், விரலால் ஒன்றரை ஸ்வரம்வரை தள்ளுவது சிரமமே இல்லை. பாதகமும் இதிலேயே இருக்கிறது. அழுத்தமான கை உள்ளவர்கள் இதை வாசித்தால் ஒவ்வொரு கார்டும் சுருதி ஏறிக் கேட்கும். கழுத்து வழக்கத்தைவிட நன்றாகத் தடித்தது, ஃப்ரெட்கள் 24. வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: முதல் ஃப்ரெட் ஜீரோ ஃப்ரெட்டிலிருந்து 1.347 அங்குலம், 12ஆவது சரியாக 12 அங்குலம், 24ஆவது 18 அங்குலம். ஒவ்வொன்றையும் ஜீரோவிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து மேலே போகப் போக சுருதி கெடும்.

இனி பிக்கப்புகள். முதலில் அவரே காந்தம் வாங்கிக் கம்பி சுற்றிச் செய்தார். சத்தம் நன்றாக இருந்தும், கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி வாசிக்கும்போது விநோதமான இரைச்சல் வந்தது. அதனால் பர்ன்ஸ் ட்ரை-சானிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் போட்டார். வாங்கியபடியே வைக்கவில்லை, அரால்டைட் பிசின் ஊற்றி உள்ளே நிரப்பினார். உரத்த சத்தத்தில் பிக்கப்பின் சுருள் தானே அதிர்ந்து ஒலிவாங்கிபோல நடந்துகொள்ளும். அப்போது ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கீச்சென்று கத்தும். பிசின் இறுகிவிட்டால் சுருள் அசையாது. கம்பிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே வரும் இனிமையான ஃபீட்பேக் மட்டும் மிஞ்சும்.

அடுத்தது இணைப்பு. ஸ்ட்ராட்டில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும்போது அவை பக்க இணைப்பில் இருக்கும். மே தொடரிணைப்பில் போட்டார். மின்னழுத்தங்கள் கூடும், சுருள்களின் தூண்டலும் கூடும், ஆகவே சத்தம் பலமாகவும் நடு அதிர்வெண்கள் கொழுத்தும் வரும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஸ்லைடு சுவிட்சுகள், ஒன்று ஆன்-ஆஃப், ஒன்று ஃபேஸ் (சிக்னலைத் தலைகீழாக்குவது). மொத்தம் ஆறு. வால்யூம் ஒன்று, டோன் ஒன்று. அவ்வளவுதான்.

ஃபேஸ் சுவிட்சு என்ன செய்கிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்தின் கணுவும் (அதிரும் கம்பியில் அசையாத இடம்) எதிர்க்கணுவும் (அதிகம் அசையும் இடம்) போதும். கம்பி தன் அடிப்படைச் சுருதியில் அதிரும்போது, அருகருகே உள்ள இரண்டு பிக்கப்புகளுக்கு மேலேயும் அது ஒரே திசையில்தான் அசைகிறது. ஒரு பிக்கப்பின் வயரைத் தலைகீழாக்கினால் இரண்டும் கழிந்து அடிப்படைச் சுருதி மெலிந்துவிடும். மேற்சுரங்களில் சிலவற்றின் கணு இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவில் விழும். அங்கே கம்பி ஒருபுறம் மேலே போனால் மறுபுறம் கீழே போகும். தலைகீழ் இணைப்பில் அவை கழியாமல் கூடுகின்றன. விளைவு, மூக்கால் பாடுவது போன்ற, கூர்மையான, அடியில் எடையில்லாத ஒலி. 1975இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி'யின் சோலோ இப்படித்தான்: கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் எதிர் ஃபேஸில். அவருடைய அன்றாட அமைப்பு வேறு, பிரிட்ஜும் நடுவும் ஒரே ஃபேஸில்.

இதைச் சாதாரணக் கிட்டாரில் செய்து பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. ஒரே ஒரு பிக்கப் ஆனில் இருக்கும்போது ஃபேஸ் சுவிட்சைத் தட்டி "ஒன்றும் மாறவில்லையே" என்பார்கள். மாறாது, கழிக்க இன்னொன்று வேண்டும். தொடரிணைப்பில் ஆஃப் என்றால் வயரைத் துண்டிப்பது இல்லை, பிக்கப்பைக் குறுக்கே இணைத்துத் தாண்டிப்போவது. துண்டித்தால் மொத்தக் கிட்டாரும் ஊமையாகிவிடும். பிக்கப்பின் உலோக மூடி சுருளின் ஒரு வயரோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், ஃபேஸைத் திருப்பும்போது மூடியில் சிக்னல் ஏறி, கைபட்டாலே உறுமும். மூடிக்குத் தனி எர்த் வயர் இழுத்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். ஒலி தாங்கமுடியாத அளவு மெலிந்து போனால் ஒரு பிக்கப்பைச் சற்றே கீழே இறக்குங்கள். இரண்டும் சமமில்லாதபோது கழிவதும் முழுதாக நடக்காது, கொஞ்சம் அடித்தளம் திரும்பி வரும்.

எதிர் ஃபேஸில் சிக்னல் மெலிகிறதே, அதை வைத்து எப்படி ஆம்பைக் கதற வைப்பது? அதற்குத்தான் மேல் அதிர்வெண்களைப் பெருக்கும் ட்ரெபிள் பூஸ்டர். டேஸ்ட் என்ற குழுவில் வாசித்த அயர்லாந்துக்காரர் ரோரி கேலகரை லண்டன் மார்க்கீ கிளப்பில் பார்த்துவிட்டு, அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார் மே. வாக்ஸ் ஏசி30 ஆம்ப், முன்னால் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற பூஸ்டர். ரேஞ்ச்மாஸ்டருக்குள் இருப்பது ஒரே ஒரு ஓசி44 ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் 9 வோல்ட் பேட்டரியும். நுழைவாயிலில் உள்ள 0.005 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் தாழ்ந்த அதிர்வெண்களை உள்ளே விடுவதில்லை. ஏசி30இன் நார்மல் சேனலோ கொஞ்சம் இருண்டது. மேல் அதிர்வெண்களை மட்டும் பலமாகத் தள்ளினால் அதன் நான்கு இஎல்84 வால்வுகளும் நிறைந்து வழியும், அடிநாதம் சகதியாகாமல் இருக்கும். ஆம்பின் வால்யூம் கடைசிவரை திறந்தே இருக்கும். சுத்தமான ஒலி வேண்டுமானால் கிட்டாரில் உள்ள வால்யூமைக் குறைப்பதுதான் வழி. தனித்தனி சேனல், தனித்தனி பெடல் எதுவும் இல்லை.

ஜெர்மானியம் பூஸ்டர் வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கிட்டாருக்கு அடுத்ததாகவே இருக்க வேண்டும். நடுவில் பஃபர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால், பிக்கப்பின் சுருளோடு அது பேசிக்கொள்ளும் உறவு அறுந்து ஒலி தகரம்போல ஆகிவிடும். அசல் அமைப்பில் எர்த் பாசிட்டிவ் பக்கம், ஆகவே மற்ற பெடல்களோடு ஒரே பவர் சப்ளையில் மாட்டினால் ஷார்ட் ஆகும், தனி பேட்டரிதான் நல்லது. மூன்றாவது வெயில். சூடேறினால் ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் கூடி, காலையில் பாடியது மதியம் இருமும். நம் ஊர் மே மாதத்துக்கு சிலிக்கான் வகையே புத்திசாலித்தனம்.

சங்கிலியின் மறுநுனியில் ஒரு நாணயம், அவர் கம்பியை மீட்டுவது அதால்தான். பிளாஸ்டிக் பிக் வளைவதால் விரலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு மெத்தை வந்துவிடுகிறது என்பது அவர் கட்சி. பிரிட்டனின் பழைய ஆறு பென்னி நாணயம் வளையாது. 19.4 மில்லிமீட்டர் அகலம், 2.83 கிராம் எடை, விளிம்பு முழுக்க வரிகள். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் எஃகுக் கம்பியைவிட மென்மையானது, ஆகவே தேய்வது நாணயம்தான். தட்டையாகப் பிடித்தால் வழுவழுப்பான தொடக்கம். கொஞ்சம் சாய்த்தால் வரிகள் கம்பியில் உரசி, ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு மெய்யெழுத்து சேர்ந்ததுபோல 'க்ர்' என்று கேட்கும். இறுக்கிப் பிடித்தால் காரியம் கெட்டது, தளர்வாக இருக்க வேண்டும். அந்த நாணயம் 1980இல் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. அவர் கையில் இன்னும் இருக்கிறது.

வாழ்க்கை வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கும், சுருக்கமாகவே போவோம். 1947 ஜூலை 19இல் மிடில்செக்ஸின் ஹாம்டனில் பிறந்தார். இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல், 1968இல் பட்டம். அதே ஆண்டு ரோஜர் டெய்லரோடு ஸ்மைல் குழு, 1970இல் ஃப்ரெடி மெர்குரி வந்து அது குவீன் ஆனது, 1971இல் ஜான் டீக்கன். முதல் ஆல்பம் 1973. இன்னொரு பக்கம் முனைவர் பட்ட ஆய்வு. சூரியக் குடும்பத்தின் தளத்தில் மிதக்கும் தூசி, சூரிய ஒளியைச் சிதறடித்து, விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் மங்கலான ஒளியாகத் தெரியும். அந்தத் தூசி எந்த வேகத்தில் நகர்கிறது என்று டாப்ளர் விலகலை வைத்து டெனெரிஃப் தீவிலிருந்து அளந்தார். குவீன் பிடித்துக்கொண்டதும் ஆய்வேடு பெட்டிக்குள் போனது.

அவர் பயன்படுத்திய கருவி ஃபேப்ரி-பெரோ குறுக்கீட்டுமானி. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒளி மீண்டும் மீண்டும் எதிரொளித்து, தாமதமாக வரும் பிரதிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் பொறுக்கி எடுக்கும். பகலில் இதை வைத்துக்கொண்டிருந்தவர் இரவில் மேடையில் என்ன செய்தார் என்று பாருங்கள்.

1974இல் வந்த 'பிரைட்டன் ராக்' பாட்டின் நீண்ட சோலோ மேடையில் வளர்ந்த விதம் இது. எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவியில் கிடைத்த தாமதம் ஒரு வினாடிக்கும் குறைவு. அது போதவில்லை என்று டேப்பைத் தொட்டு நகரும் தலைக்கான தண்டவாளத்தையே நீட்டிக்கச் செய்தார். இரண்டு கருவிகள், இரண்டு தாமதங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஏசி30. நேரடிச் சத்தத்துக்கு மூன்றாவது ஆம்ப்.

வீட்டில் இரண்டு டிலே பெடலோ கணினியோ இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். வேகம் நிமிடத்துக்கு 75 தாளம். ஒரு தாளம் சரியாக 800 மில்லி வினாடி. முதல் டிலே 800, இரண்டாவது 1600. இரண்டிலும் ஒரே ஒரு முறைதான் எதிரொலி வர வேண்டும், ஃபீட்பேக் பூஜ்யம். முதலாவது முழுக்க இடது பக்கம், இரண்டாவது முழுக்க வலது, நேரடி ஒலி நடுவில். இப்போது முதல் தாளத்தில் 'ஏ' வாசியுங்கள். இரண்டாம் தாளத்தில் இடது ஸ்பீக்கர் அந்த 'ஏ'யைத் திருப்பிச் சொல்லும்போது நீங்கள் 'சி' வாசியுங்கள். மூன்றாம் தாளத்தில் இடதில் 'சி', வலதில் 'ஏ', நடுவில் நீங்கள் 'ஈ'. இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் பிரிந்து நிற்கும் ஒரு முழு ஏ மைனர் கார்டு. ஒரே ஆள் தன்னோடு தானே கோரஸ் பாடுகிறான்.

எல்லாவற்றையும் ஒரே ஆம்பில் அனுப்பினால் ஏன் வேலைக்கு ஆகாது? கதறும் ஆம்புக்குள் இரண்டு ஸ்வரம் சேர்ந்து போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாகப் பிறக்கும். 'ஏ' 220 ஹெர்ட்ஸ், 'சி' 262 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் 42ம் 482ம் கூடவே வரும். 482 எந்த ஸ்வரத்திலும் சேராது, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தொங்கும். மூன்று ஸ்வரமானால் குப்பை இன்னும் பெருகும். ஒவ்வொரு குரலும் தனி ஆம்பில் கதறிவிட்டுக் காற்றில் மட்டும் சேர்ந்தால் இந்தக் கலப்படம் இல்லை. இன்னொரு சிக்கல் தாளம். டேப் யாருக்காகவும் காத்திருக்காது. கிட்டார் கொஞ்சம் ஓடினாலும் அடுத்த தாளத்தில் தவறு பகிரங்கமாகத் திரும்பி வரும், அதற்கடுத்த தாளத்தில் இன்னொரு முறையும்.

ஸ்டுடியோவில் அவர் அடுக்கிய கிட்டார் ஆர்கெஸ்ட்ராவும் இதே தத்துவம்தான். 'கில்லர் குவீன்' சோலோவில் மணி அடித்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஸ்வரங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு குரலும் தனித்தனி டிராக். கார்டாக வாசித்திருந்தால் அந்தத் தெளிவு கிடைக்கவே கிடைக்காது. அன்றைய ஆல்ப உறைகளில் சிந்தசைசர் யாரும் வாசிக்கவில்லை என்று அச்சிட்டது இதனால்தான். 1980இல் 'தி கேம்' வரும்வரை அந்தப் பத்தியம் நீடித்தது.

'வி வில் ராக் யூ' பாட்டின் கால்மிதி ஓசையிலும் இயற்பியல்காரர் எட்டிப்பார்க்கிறார். 1977, லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோ. அது ஒரு பழைய தேவாலயக் கட்டடம். சில பேர் பலகையில் மிதித்து, கைதட்டி, பலமுறை பதிவு செய்தார்கள். அதைப் பெருங்கூட்டமாக்க, பதிவின் பிரதிகளைப் பகா எண் விகிதத் தாமதங்களில் சேர்த்தார். சம இடைவெளிகளில் சேர்த்திருந்தால் பிரதிகள் ஒழுங்காக வந்து விழுந்து, காது அதை எதிரொலி என்று கண்டுபிடித்துவிடும். பகா எண்கள் ஒன்றின் மடங்கில் இன்னொன்று விழாது. அதனால் எதிரொலி என்று தோன்றாமல், தூரத்தில் ஒருவரும் பக்கத்தில் ஒருவருமாக ஆயிரம் பேர் நிற்பதாகக் கேட்கிறது. அந்தப் பாட்டில் டிரம் கிடையாது.

1985 ஜூலை 13 வெம்ப்ளி லைவ் எய்ட், 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் வாசித்தது, 2007இல் முப்பது வருடம் கிடப்பில் இருந்த ஆய்வேட்டை முடித்து வாங்கிய டாக்டர் பட்டம், 2023இல் சர் பட்டம். இதையெல்லாம் எழுதத் தனிப் பதிவு வேண்டும். இடையில் யாரும் அந்தத் தூசியை அதிகம் அளக்காததால்தான் பழைய கணக்குகள் செல்லுபடியாயின என்பது மட்டும் வேடிக்கை.

கடைசியாக ஒரு பெட்டி. 1970களின் தொடக்கத்தில் ஜான் டீக்கன், கட்டடக் குப்பைத் தொட்டி ஒன்றில் கிடந்த ரேடியோ சர்க்யூட் பலகையை எடுத்து வந்து, சிறிய அலமாரி ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தினார். வால்யூம் கிடையாது, டோன் கிடையாது, ஓட்டுவது பிபி9 என்ற 9 வோல்ட் பேட்டரி. டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி, தன் பயிற்சிக்காகச் செய்தது. மே அதன் முன்னால் ட்ரெபிள் பூஸ்டரை மாட்டிப் பார்த்தார். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ஒலியின் முனைகளை வெட்டி, நடுப்பகுதியை மட்டும் துருத்திக்கொண்டு நிற்க வைத்தன. கிட்டார் என்று காது சொல்லவில்லை, வயலின் என்றோ ஊதுகுழல் என்றோ சொன்னது. 1975இல் 'குட் கம்பெனி' பாட்டில் வரும் கிளாரினெட், டிராம்போன், ட்ரம்பெட் எல்லாம் இந்தப் பெட்டியும் ஒரு வா-வா பெடலும்தான். சில இடங்களில் ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்தி நிறுத்திப் பதிந்தார். டிராம்போன் வாசிப்பவர் எங்கே மூச்செடுப்பார், எந்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு வருவார் என்று யோசித்து வாசித்திருப்பது தெரியும். ஹெட்போன் போட்டு அந்தப் பாட்டின் நடுப்பகுதியைக் கேளுங்கள். வழுக்கி இறங்கும் அந்த டிராம்போனும் கிட்டார்தான்.